மூன்றாவது சிலிண்டர்

மூன்றாவது சிலிண்டரைப் பற்றி நான் ஜெனெபெச்சிடம் சொன்னதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பிறகு நீங்கள் என்னைத் திட்டலாம்.

பின்பக்கம் என்ஜின் வைத்த அந்த ஜெர்மன் வண்டியை அடிஸ் அபாபாவில் பார்க்காதவர் இல்லை. முதுகு வளைந்து ஆமை மாதிரி இருக்கும். ஆயிரத்து முந்நூறு சிசி, நாற்பது குதிரைச் சக்தி. அதுவும் கடலோரத்தில்தான் நாற்பது. எங்கள் மேட்டில் காற்று மெலிந்திருப்பதால் பத்துக் குதிரைகள் வழியிலேயே நின்றுவிடும். முப்பதுதான் வந்து சேரும். நாலு சிலிண்டர்கள் பக்கத்துக்கு இரண்டாகப் படுத்துக் கிடக்கும். ரேடியேட்டர் கிடையாது, தண்ணீர் கிடையாது. ஒரு ஃபேன்தான் சுற்றிச் சுற்றி நாலையும் குளிரவைக்க வேண்டும். இவ்வளவு யோசித்துக் கட்டிய மகராசன்கள், ஆயில் கூலரைக் கொண்டுபோய்க் காற்று வரும் வழியில், சரியாக மூன்றாவது சிலிண்டருக்கு மேலே வைத்துவிட்டார்கள். மற்ற மூன்றுக்கும் புதுக்காற்று. இதற்கு மட்டும் ஆயில் சூட்டில் வெந்துபோன மிச்சக் காற்று. நாலு பிள்ளைகள் இருக்கும் வீட்டில் ஒன்றுக்கு மட்டும் எப்போதும் மிச்சம் மீதிதான் கிடைக்குமே, அந்தக் கதை.

அதனால் அந்தச் சிலிண்டரில் புகையை வெளியே விடும் எக்ஸாஸ்ட் வால்வு மற்றவற்றைவிடச் சீக்கிரம் நீளும். நீண்டால், அதைத் தட்டித் திறக்கும் டேப்பட்டுக்கும் அதற்கும் நடுவில் இருக்கும் இடைவெளி குறையும். இடைவெளி போய்விட்டால் வால்வு சரியாக மூடாது, கருகும், ஒருநாள் தலை முறிந்து பிஸ்டன் மேல் விழும். அன்றோடு என்ஜின் காலி. அடிஸில் எங்கள் பேட்டையான கோதெராவில் எந்த மெக்கானிக்கைக் கேட்டாலும் இதையேதான் சொல்வான். நான் சொன்ன பொய், இது எத்தனை நாளில் நடக்கும், எங்கே போனால் நடக்கும் என்பதில் இருந்தது.

என் பெயர் பொகாலே. கோதெராவில் ரயில் பாதையை ஒட்டிய தகரக் கொட்டகை என் ஒர்க்‌ஷாப். அதன் பின்னால் ஓர் அறை, அதுதான் வீடு. மனைவி என்னை விட்டுப் போய் இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. "உனக்கு என்ஜின் பேசுறது கேக்குது, நான் பேசுறது கேக்கலை" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியாகத்தான் சொன்னாள். எனக்குப் பேச வராது. பெட்ரோல், ஆயில், பெல்ட் இவற்றைப் பற்றி எவ்வளவு வேண்டுமானாலும் பேசுவேன். அந்த மூன்றும் தீர்ந்துவிட்டால் வாயை மூடிக்கொண்டு கையைத் துடைத்துக்கொண்டிருப்பேன்.

ஜெனெபெச் முதலில் வந்தது ராணுவ ஆட்சி விழுந்த வருஷம். கணவன் வடக்கே போர்முனைக்குப் போய்த் திரும்பாதவன். அவன் விட்டுப்போன வெளிர்நீல வண்டியை ஓட்டக் கற்றுக்கொண்டு, மின்சார வாரிய ஆபீசுக்குப் போய்வந்துகொண்டிருந்தாள். டைப்பிஸ்ட். முப்பத்தைந்து வயதிருக்கும்.

"அண்ணே, பின்னாடி சத்தம் வருது" என்றாள்.

"என்ன சத்தம்?"

"டிக் டிக்குனு. ரொம்ப நாளா வந்துச்சு. இப்ப குறைஞ்சுடுச்சு. தானா சரியாயிடுச்சோன்னு நினைச்சேன்."

"தானா சரியாக அது ஜலதோஷமா? இந்த என்ஜின்ல டேப்பட் சத்தம் வந்தா நல்லது. வராட்டித்தான் பயப்படணும். இடைவெளி போயிட்டு இருக்குன்னு அர்த்தம்."

அன்று மூன்றாவது சிலிண்டரின் இடைவெளி பாதிகூட இல்லை. நல்லவேளை வந்தாள். டேப்பட்டை என்ஜின் முழுக்க ஆறிய பிறகுதான் சரிசெய்ய முடியும். ஆற நாலு மணி நேரம் ஆகும். அவள் காத்திருந்தாள். எங்கள் ஊரில் நாலு மணி நேரம் ஒருத்தரை உட்காரவைத்துவிட்டுக் காபி கொடுக்காமல் இருக்க முடியாது. அடுத்த கொட்டகையில் டயர் ஒட்டும் லெம்மாவிடம் கரி அடுப்பை வாங்கிவந்து நானே கொட்டையை வறுத்தேன். அவள் ஒரு வாய் குடித்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"இது காபியா, கிரீஸா?"

பிறகு அவளே எழுந்து வந்து திரும்ப வறுத்து, இடித்து, பானையில் கொதிக்கவைத்து ஊற்றினாள். எங்கள் வழக்கப்படி மூன்று சுற்றுக் காபி முடியும்வரை எழுந்திருக்கவில்லை. ஆபீஸ் மேலாளர் தும்மினால் அதையும் டைப் அடிக்கச் சொல்வார் என்றாள். லெம்மா சிரித்துச் சிரித்து அடுப்பிலேயே விழப் பார்த்தான். நானும் சிரித்தேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது.

வண்டியை எடுக்கும்போது கேட்டாள்: "மறுபடி எப்ப வரணும் அண்ணே?"

கம்பெனிப் புத்தகத்தில் ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை என்று போட்டிருக்கிறது. அவள் ஓட்டுகிற ஓட்டத்துக்கு அது ஆறு மாதம்.

"ரெண்டாயிரத்து ஐநூறு" என்றேன். "நம்ம மேட்டுக் காத்துக்கு அடிக்கடி பாக்கணும்."

இதைத் திட்டமிட்டுச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள். வாய் தானாகச் சொன்னது. சொன்ன பிறகு திருத்திக்கொள்ள மனசு வரவில்லை. வருஷத்துக்கு இரண்டு சனிக்கிழமை வரவேண்டியவள் நாலு சனிக்கிழமை வருவாள். இதில் யாருக்கு என்ன நஷ்டம் என்று என்னையே கேட்டுக்கொண்டேன். முதல்நாள் சாயங்காலமே வண்டியை விட்டுவிட்டுப் போனால் விடியும்போது தானாக ஆறியிருக்கும், காத்திருக்கவே வேண்டாம் என்பதையும் அவளிடம் சொல்லவில்லை. மூன்றாம் முறை வரும்போது ஒரு காபிப் பானையைக் கொண்டுவந்து என் அலமாரியில் ஸ்பேனர்களுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனாள்.

லெம்மாவுக்கு எல்லாம் தெரியும். "அந்த வண்டிக்கு ஒரு வியாதியும் இல்லை. வைத்தியனுக்குத்தான் வியாதி" என்பான். அவள் வரும் சனிக்கிழமைகளில் நான் சட்டை மாற்றுவதைப் பார்த்துவிட்டால் தெருவுக்கே கேட்கிற மாதிரி, "டேப்பட்டு அட்ஜஸ்ட் பண்ண சட்டை மாத்துற ஒரே மெக்கானிக்கு எங்க பொகாலேதான்!" என்று கத்துவான். அவளுக்குக் கேட்டிருக்குமோ என்று நான் ஒளிந்துகொள்வேன்.

இரண்டாவது பொய்தான் பெரியது.

கார்புரேட்டருக்குள் ஜெட் என்று ஒரு சின்னப் பித்தளைத் துண்டு உண்டு. பட்டாணி அளவுதான். நடுவில் ஊசித் துளை. அந்தத் துளை வழியாகத்தான் பெட்ரோல் போகும். எங்கள் மேட்டில் காற்று குறைவு, அதனால் பெட்ரோலும் குறைவாகப் போனால் போதும். வண்டி எங்கிருந்து வந்தாலும் அதன் ஜெட்டைக் கழற்றிவிட்டு, துளை சிறிய ஜெட்டைப் போடுவது அடிஸ் மெக்கானிக்குகளின் வழக்கம். அவள் வண்டிக்கும் முதல் வருஷமே போட்டேன். வண்டி நல்ல இழுவையோடு ஓடியது, பெட்ரோல் மிச்சமானது, அவளுக்குச் சந்தோஷம். ஆனால் அதே ஜெட்டோடு கிழக்கே அவாஷ் ஆற்றுப் பள்ளத்துக்கு இறங்கினால் விவகாரம். அங்கே காற்று கனம், வெயில் நெருப்பு. பெட்ரோல் போதாமல் என்ஜின் காய்ந்து எரியும். முதலில் சாவது நம்ம மூன்றாவது சிலிண்டர்தான்.

இதற்கு மருந்து, இறங்கும் முன் பழைய ஜெட்டைத் திரும்ப மாட்டுவது. அதைத் தவிர வேறொன்றும் வேண்டாம்.

ஜெனெபெச்சின் தாய் தகப்பன், அக்கா எல்லாரும் அவாஷுக்கு அப்பால், டிரே தாவாவில். இரண்டாம் வருஷம் ஒரு சனிக்கிழமை, காபி இரண்டாவது சுற்றில் கேட்டாள்.

"அண்ணே, பண்டிகைக்கு இந்த வண்டியிலயே ஊருக்குப் போகலாமா? அப்பாவுக்கு நான் வண்டி ஓட்டுறதைப் பாக்கணும்னு ஆசை."

நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. ஃபேன் பெல்ட்டை விரலால் அழுத்திப் பார்த்துக்கொண்டே சொன்னேன்: "அவாஷ் சூட்டை மூணாவது சிலிண்டர் தாங்காது. நடுக்காட்டுல நிப்பீங்க."

ஏன் சொன்னேன்? வண்டி டிரே தாவா வரைக்கும் போய்வரும் என்று தெரிந்துவிட்டால் அவள் அங்கேயே ஒரு வேலையைத் தேடிக்கொண்டு போய்விடுவாள் என்று பயந்தேன். அவளுக்கு இங்கே யார் இருந்தார்கள்? ஒரு டைப்ரைட்டர், ஒரு வாடகை வீடு. எனக்காவது லெம்மா இருந்தான். அவள் போக நியாயம் இருந்தது, அதுதான் பயம்.

பிறகு அதைத் திரும்பத் திரும்பச் சொன்னேன். அவள் வரும் ஒவ்வொரு சனிக்கிழமையும் மூன்றாவது சிலிண்டரைத் தட்டிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன். "இப்போதைக்குப் பரவாயில்லை" என்பேன். அவளும் அதை வீட்டில் கிடக்கும் நோயாளியை விசாரிப்பது மாதிரி விசாரிப்பாள். "மூணாவது எப்படி இருக்கு அண்ணே?" அவள் ஊருக்குப் போவதென்றால் விடியற்காலை பஸ்தான். பஸ் ஒருநாள் முழுக்க எடுக்கும். வருஷத்துக்கு ஒரு தடவை போனால் அதிகம்.

ஆறாம் வருஷம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வண்டி கொட்டகை வாசலில் குறுக்கே வந்து நின்றது. ஆபீஸ் உடையில் இறங்கி ஓடிவந்தாள்.

"அண்ணே, அப்பா போயிட்டார். இப்பத்தான் போன் வந்துச்சு. நாளைக்கு மத்தியானம் அடக்கம். பஸ் போயிடுச்சு. வண்டி போகுமா?"

"போகாது" என்றேன்.

நம்புவீர்களோ இல்லையோ, அந்த நிமிஷம் நான் பொய் சொல்லவில்லை. நாலு வருஷம் சொல்லிச் சொல்லி நானே அதை நம்பியிருந்தேன். மூன்றாவது சிலிண்டர் உடைந்து, அவள் கறுப்புத் துணியோடு அவாஷ் காட்டில் தனியாக நிற்பது என் கண் முன்னால் தெரிந்தது. "போகவே போகாது, ஜெனெபெச். நான் விடமாட்டேன்" என்று அவள் கையிலிருந்த சாவியைக்கூட வாங்கி வைத்துக்கொண்டேன். கழற்றிவைத்த பழைய ஜெட் இருந்த தகரடப்பா நாலடி தூரத்து அலமாரியில் இருந்தது.

சாயங்காலம் வேறொருத்தர் வண்டிக்கு வாஷர் தேடி அந்த டப்பாவைத் திறந்தேன். அவள் வண்டி நம்பர் எழுதிய காகிதத்தில் சுற்றி, ஜெட் அடியில் கிடந்தது. அந்த வேளைக்கு அவள் பஸ் நிலையத்துத் தரையில் உட்கார்ந்து விடியலுக்குக் காத்திருந்தாள். அப்போதே ஓடிப்போய்ச் சொல்லியிருக்கலாம். அப்போது கிளம்பியிருந்தாலும் அடக்கத்துக்குப் போயிருப்பாள். நான் டப்பாவை மூடிவைத்தேன். அதற்கு என்னிடம் எந்தச் சாக்கும் கிடையாது.

அவள் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது. ஒரு மாதம் கழித்துக் கறுப்புத் துணியில் வந்தாள். என்மேல் ஒரு குறை சொல்லவில்லை. வண்டியைத்தான் திட்டினாள். "சனியன், இருந்தும் உதவலை" என்று அதன் மட்கார்டை லேசாக உதைத்தாள். பிறகு காபி வறுக்க உட்கார்ந்தாள். அன்றைக்கு மூன்று சுற்றும் எனக்கு இறங்கவில்லை.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம். நான் சொல்லவில்லை. ஒவ்வொரு தடவையும் அடுத்த தடவை சொல்லிவிடலாம் என்று நினைப்பேன். அடுத்த தடவை அவள் சிரித்துக்கொண்டே வருவாள், அதைக் கெடுக்க மனம் வராது.

போன மாதம் ஒரு சனிக்கிழமை வந்தவள், என்ஜின் ஆறுவதற்கு முன்னாலேயே சொன்னாள்.

"எனக்கு மாற்றல் கிடைச்சிருச்சு அண்ணே. டிரே தாவாவுக்கு. அம்மாவுக்கு நடக்க முடியலை. அக்கா ஒருத்தியால முடியாது."

"எப்ப?"

"அடுத்த ஞாயித்துக்கிழமை. சாமானை லாரியில போட்டாச்சு. நான் பஸ்ல போறேன். வண்டியை நீங்களே வச்சுக்கோங்க."

"என்னது?"

"வித்தா மனசு கேக்காது. கீழே கொண்டுபோனா அது செத்துடும். பதினோரு வருஷமா அதைக் காப்பாத்தினது நீங்கதானே? உங்ககிட்ட இருக்கட்டும்."

லெம்மா டயரைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றான். அவள் போன பிறகு வந்து என் பக்கத்தில் குந்திக்கொண்டான்.

"வண்டியை வாங்கிக்கப் போறியா?"

"தெரியலை."

"வாங்கிக்கிட்டு என்ன பண்ணுவே? அதுக்குக் காபி போட்டுக் குடுப்பியா?"

அந்த வாரம் முழுக்க எனக்கு வேலை ஓடவில்லை. வாயைத் திறக்காமல் இருந்தால் வண்டி எனக்கு, நல்ல பெயரும் எனக்கு. திறந்தால் இரண்டும் போகும். எப்படியும் அவள் போகத்தான் போகிறாள். போகிறவள் என்னை நல்லவன் என்று நினைத்துக்கொண்டே போகட்டுமே என்று ஒரு மனம் சொன்னது. ஆனால் நடக்க முடியாத தாயை வைத்துக்கொண்டு வண்டி இல்லாமல் அவள் அந்த வெயிலில் என்ன செய்வாள்? ஆஸ்பத்திரிக்கு எதில் தூக்கிப் போவாள்?

சனிக்கிழமை காகிதங்களோடு வந்தாள். கையெழுத்துப் போடப் பேனாவைக் கொடுத்தாள். நான் வாங்கவில்லை.

"வண்டி கீழே போகும்" என்றேன்.

"என்ன சொல்றீங்க?"

"ஒரு ஜெட்டு மாத்தணும். மாத்தினா போகும். இப்ப ஒரு வழி இருக்கு."

'இப்ப' என்றேன் பாருங்கள். உண்மையைச் சொல்லும்போதும் அதன் வாலில் ஒரு பொய்யைக் கட்டித்தான் விட்டேன். அவள் அதைப் பிடித்துக்கொண்டு சின்னப் பெண் மாதிரி கைதட்டினாள். "நிஜமாவா? அம்மாவை வண்டியில உக்கார வச்சு ஊரைச் சுத்துவேன்!"

"பாதி இறக்கத்துல இருக்கிற அதாமா ஊர் வரைக்கும் நானும் வர்றேன். அங்க வச்சுத்தான் மாத்தணும்" என்றேன். இதுவும் பாதிப் பொய். கோதெராவிலேயே மாட்டியிருக்கலாம். மேட்டில் கொஞ்சம் கரும்புகை விட்டிருக்கும், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை காலை கிளம்பினோம். பதினோரு வருஷமாக அந்த வண்டியின் பின்பக்கத்தைத்தான் எனக்குத் தெரியும். முன் ஸீட்டில் உட்கார்ந்தது அன்றுதான். அவள் எப்படி ஓட்டுவாள் என்பதுகூட எனக்குத் தெரியாது. இரண்டு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்து, லாரி எதிரே வந்தால் நாக்கை மடித்துக் கடித்துக்கொள்வாள். பிஷோஃப்து தாண்டிச் சரிவில் வண்டி லேசாகப் பறந்தது. மோஜோவில் வெயில் ஏறியது. அவள் ஏதோ தேவாலயப் பாட்டை முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். நான் மடியில் ஒரு காகிதத்தை வைத்திருந்தேன். டிரே தாவா மெக்கானிக்குக்காக எழுதியது. ஆயில் இரண்டரை லிட்டர். ஃபில்டர் கிடையாது, கம்பிவலைதான், ஒவ்வொரு தடவையும் கழற்றிக் கழுவ வேண்டும். ஃபேன் பெல்ட் அறுந்தால் ஒரு அடிகூட ஓட்டக் கூடாது. மூன்றாவது எக்ஸாஸ்டுக்கு மட்டும் டேப்பட் இடைவெளி ஒரு நூல் கூடுதலாக வைக்க வேண்டும். டேப்பட், இரண்டாயிரத்து ஐநூறு கிலோமீட்டருக்கு ஒருமுறை. அதையும் அப்படியே எழுதிவைத்திருந்தேன்.

அதாமா தாண்டி, அவாஷ் ரோடு பிரியும் இடத்தில் ஒரு வேலமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். பின்மூடியைத் திறந்து, கார்புரேட்டரின் பக்கத்து நட்டைக் கழற்றினேன். கொஞ்சம் பெட்ரோல் ஒழுகியது. நீள ஸ்க்ரூடிரைவரை உள்ளே விட்டுச் சின்ன ஜெட்டை எடுத்தேன், பெரியதை முடுக்கினேன், நட்டைப் போட்டேன். டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை திருப்பி, தீப்பொறி விழும் டைமிங்கைப் பின்னால் தள்ளினேன். என் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுது" என்றேன். "குலுபி மலை ஏறும்போது கரும்புகை விடும். பயப்படாதீங்க."

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான்."

"பத்து நிமிஷம்கூட ஆகலை!"

சிரித்தாள். கையைக் கழுவிக்கொண்டு, கட்டிவந்த இன்ஜெரா ரொட்டியைப் பிரித்து மரத்தடியில் வைத்தாள். ஒரு துண்டைக் கிழித்து, குழம்பைச் சுற்றி உருட்டி, என் வாயருகே நீட்டினாள். பிரியமானவர்களுக்கு எங்கள் ஊரில் அப்படித்தான் ஊட்டுவார்கள். எனக்கு ஒருத்தர் ஊட்டி இருபது வருஷம் ஆகியிருந்தது. வாங்கிக்கொண்டேன்.

"அப்பா போன அன்னிக்கு மட்டும் இந்த ஜெட்டு இருந்திருந்தா..." என்றாள். என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு அவசரமாகச் சொன்னாள்: "ஐயோ, உங்களைச் சொல்லலை அண்ணே. அன்னிக்கு உங்ககிட்ட அது இல்லை. நீங்கதான் பாவம், என்ன பண்ணுவீங்க?"

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் சொல்லாமலே இருந்திருப்பேன். அந்தப் 'பாவம்' என்ற வார்த்தையை என்னால் தாங்க முடியவில்லை.

"இருந்துச்சு" என்றேன்.

"எது?"

"இந்த ஜெட்டு. உங்க வண்டியோடதுதான். முதல் வருஷம் நான்தான் கழட்டி, சின்னதைப் போட்டேன். டப்பாவுல இருந்துச்சு."

அவள் கையில் அடுத்த உருண்டை இருந்தது. அதை மெதுவாகத் தட்டிலேயே வைத்தாள்.

"அப்பா போன அன்னிக்கு?"

"அன்னிக்கும் இருந்துச்சு."

"மறந்துட்டீங்களா?"

அவளே வழிவிட்டாள். மறந்துட்டேன் என்று சொன்னால் அதில் பாதி உண்மையும் இருந்தது.

"காலையில மறந்துட்டேன். சாயங்காலமே ஞாபகம் வந்துடுச்சு. அப்பவும் வந்து சொல்லலை."

ஒரு லாரி போனது. புழுதி படாமல் அவள் தட்டைத் துணியால் மூடினாள்.

"காலையில இங்க வந்து மாத்திட்டுப் போயிருந்தா எப்ப போய்ச் சேர்ந்திருப்பேன்?"

"ராத்திரிச் சாப்பாட்டுக்குள்ள."

"நான் போனப்ப மண்ணு காஞ்சுபோயிருந்துச்சு அண்ணே" என்றாள். "அக்கா, நீ வருவேன்னு முகத்தை மூடாம வச்சிருந்தோம்டின்னு சொன்னா."

எனக்குப் பேச வராது என்று முன்பே சொன்னேன். கையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைக்க ஒன்றும் இல்லை.

அவள் என் காகிதத்தை எடுத்துப் படித்தாள். டைப்பிஸ்ட், வரி வரியாகப் படித்தாள். விரலை ஓர் இடத்தில் வைத்தாள்.

"இது நிஜமா எத்தனை?"

"ஐயாயிரம்."

பையிலிருந்து பேனாவை எடுத்து, இரண்டாயிரத்து ஐநூறை அடித்துவிட்டு மேலே ஐயாயிரம் என்று எழுதினாள்.

"நாலு மணி நேரம் ஆறணும்கிறது?"

"அது உண்மை. ஆனா முந்தின நாளே விட்டுட்டுப் போயிருக்கலாம். நீங்க காத்திருக்க வேண்டியதில்லை."

"ஏன் அண்ணே?"

"நீங்க வரணும்னுதான்" என்றேன். "வேற ஒண்ணும் இல்லை. நீங்க வந்து உக்காரணும்னுதான்."

அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. அழவும் இல்லை, கத்தவும் இல்லை. கத்தியிருக்கலாம், நான் அதற்குத்தான் தயாராக இருந்தேன். இன்ஜெராவை மடித்துக் கட்டி என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டு எழுந்தாள். வண்டியில் ஏறிக் கதவைச் சாத்திய பிறகு கண்ணாடியை இறக்கினாள்.

"ஒரு சனிக்கிழமை, காபி குடிக்க வா ஜெனெபெச்சுன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா நான் வந்திருப்பேனே" என்றாள். "எல்லாச் சனிக்கிழமையும் வந்திருப்பேனே. எனக்கும் யார் இருந்தா?"

சாவியைத் திருப்பினாள். என்ஜின் ஒரே தட்டில் பிடித்துக்கொண்டது. அவாஷ் ரோட்டில் வண்டி திரும்பி, சின்னதாகி, வெயிலில் கரைந்தது. நன்றாக ஓடியது. டிரே தாவா வரைக்கும் அப்படியே ஓடும், எனக்குத் தெரியும்.

அடிஸ் போகும் பஸ்கள் இரண்டு என்னைத் தாண்டிப் போயின. நான் கை காட்டவில்லை. அவள் கட்டிவைத்துவிட்டுப் போன இன்ஜெராவைப் பிரித்து, மரத்தடியில் உட்கார்ந்து என் கையாலேயே சாப்பிட்டேன்.